ஒரு கிரேனுக்கு ஒரே சிக்னல்மேன்

நான் பேசிப் பிழைத்தவன், எழுதிப் பழக்கமில்லை. தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பதினேழு வயதில் கொல்கத்தா துறைமுகத்தில் கலாசியாகச் சேர்ந்தேன். சுமையைக் கட்டி, கொக்கியில் மாட்டி, கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுகிற வேலை. இன்றைக்குக் கார்டன் ரீச்சில் என் பெயரைச் சொன்னால் வீடு வரை கூட்டிவந்து விடுவார்கள். சொந்தமாக இரண்டு கிரேன் வைத்திருந்தேன். நாற்பது டன் இரும்பை, பக்கத்துச் சுவரில் காரை உதிராமல் இறக்கி வைத்திருக்கிறேன். படித்த இன்ஜினியர்கள் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்த இடத்தில், வெறும் கண்ணால் அளந்து கை காட்டியிருக்கிறேன். என் சிக்னலில் ஒரு மனிதனுக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னால், என் மகனின் ஒரு கட்டைவிரலை ஓர் அங்குலம் தூக்கவைக்க முடியவில்லை.

ஐ.சி.யூ. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே நடப்பதை எனக்கு விளங்கும்படி யாரும் முதலில் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

என் மகன் செந்தில். முப்பத்தாறு வயது. எங்கள் பெரிய கிரேனை அவன்தான் ஓட்டுவான். ஆடி மாதத்து மழை. வேலை முடிந்து பெஹாலாவில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். துறைமுக ரோட்டின் குறுக்கே பழைய ரயில் தண்டவாளம் பதிந்து கிடக்கும். மழையில் வழவழவென்று இருக்கும். அதில் சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் கிரேன் கேபினுக்குள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் தொப்பியில்லாமல் யார்டுக்குள் வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்புகிற நான், என் மகன் ரோட்டில் எப்படிப் போகிறான் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஓர் எண்ணைச் சொன்னார். கண்ணைத் திறக்கிறானா, பேசுகிறானா, கை கால் அசைகிறதா என்று மூன்றையும் பார்த்து மார்க் போடுவார்களாம். முழு மார்க் பதினைந்து. ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூன்று கொடுப்பார்கள். செந்திலுக்கு ஐந்து. நான் பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். 

அன்றைக்கே ஆபரேஷன். மூளை வீங்கினால் மண்டைக்குள் இடமில்லை, நசுங்கிவிடும். அதனால் மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்த எலும்பு கெட்டுப்போகாமல் இருக்க, அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். பிறகு எடுத்துப் பழையபடி பொருத்துவார்களாம். இதைக் கேட்டு என் மனைவி பாக்கியம் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"அது அவனுக்கு உறுத்தாதா?"

தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய். மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை பார்க்கலாம், ஒரு தடவைக்கு ஓர் ஆள். கிரேன் ஒன்றை விற்றேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் கண்ணைத் திறந்தான். என் மருமகள் மௌசுமிதான் உள்ளே இருந்தாள். பெஹாலாவில் பிறந்து வளர்ந்த வங்காளிப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு வருஷத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு தமிழ். வெளியே ஓடி வந்து, "பாபா, அவர் கண்ணு தொறந்துது! வாங்க, வாங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. நான் இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் நின்றேன். கண் என்னோடு வரவில்லை. ஆள் இல்லாத கேபினில் விளக்கு எரிவதுபோல இருந்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். கண் திறந்தால் கோமா முடிந்தது. ஆனால் நினைவு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும்; விழித்திருக்கும்போதும் உள்ளே எதுவும் பதியாமல் இருக்கலாம். அதற்கு அடுத்த படி, கொஞ்சமாக நினைவு எட்டிப் பார்ப்பது. ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. ஒருவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள, சொன்னதைச் செய்கிறானா என்று பார்ப்பதுதான் வழி. ஒரு தடவை போதாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே இரண்டாம் மாடியில் மறுவாழ்வு வார்டு இருந்தது. உட்காரவைத்து, நிற்கவைத்து, விழுங்கப் பழக்கி, மனிதனைத் திரும்பக் கட்டுகிற இடம். கட்டில்கள் கொஞ்சம்தான். சொன்னதைக் கேட்கிற அறிகுறி கொஞ்சமாவது இருந்தால்தான் அங்கே எடுப்பார்கள். இல்லையென்றால் குழாயோடு வீட்டுக்கு. மூன்று வாரம் கழித்துச் சோதிப்போம் என்றார் டாக்டர்.

மூன்று வாரம் எதற்கு, மூன்றே நாளில் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன்.

செந்திலைப் பொதுவார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நான் என் விரலை அவன் உள்ளங்கையில் வைத்து, "ஏலே, அப்பா வந்திருக்கேன், கையப் பிடிலே" என்றேன். பிடித்தான்! இறுக்கிப் பிடித்தான். இன்னொரு தடவை வைத்தேன். பிடித்தான். நான் நேரே கீழே போய் இரண்டு பெட்டி சந்தேஷ் மிட்டாய் வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தேன். வாட்ச்மேனுக்கும் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "என் பிள்ளை, வேறெப்படி இருப்பான்" என்றேன்.

அப்போதுதான் சுதேஷ்ணா வந்தாள். மறுவாழ்வு வார்டின் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது இருக்கும். என்னை 'காகு' என்பாள், சித்தப்பா மாதிரி. அவள் பேசியது வங்காள மொழியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"காகு, எப்படிப் பிடிச்சாரு, காட்டுங்க."

காட்டினேன்.

"சரி. இப்ப விடச் சொல்லுங்க."

"விடுலே," என்றேன். விடவில்லை. இன்னும் இறுக்கினான்.

அவள் தன் பேனாவை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், அவனுடைய இன்னொரு உள்ளங்கையில் வைத்து இழுத்தாள். அந்தக் கையும் பேனாவை அதேபோல் இறுக்கிப் பிடித்தது.

"பச்சைக் குழந்தை கையில விரலை வச்சாலும் பிடிக்கும்ல, அது மாதிரி. அவர் பிடிக்கல காகு. கை பிடிக்குது," என்றாள் மெதுவாக.

என் வாயில் சந்தேஷின் இனிப்பு இன்னும் இருந்தது. கழிவறைக்குப் போய்த் துப்பினேன். நாற்பது டன்னைத் தூக்கியவன், கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொதுவார்டில் ஒருவருக்கு மூன்று பேர் நிற்க விட்டார்கள். நாலு மணி அடித்ததும் மூவரும் கட்டிலைச் சூழ்ந்துகொள்வோம். பாக்கியம் காலைத் தேய்த்தபடி, "ஐயா, அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு" என்பாள். மௌசுமி காதருகே வங்காளத்தில் கூப்பிடுவாள். நான் தலைமாட்டில் நின்று கைதட்டி, யார்டில் கத்துகிற குரலில், "விரலைத் தூக்கு! லே, தூக்குலே!" என்பேன். போனில் பாட்டு ஓடும். யார்டிலிருந்து வந்த ஆட்கள் வாசலில் நின்று, "செந்தில்தா, உடோ!" என்பார்கள், அண்ணா எழுந்திரு என்று. சம்பந்தியம்மாள் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டிருந்தார்; கை வீங்கவே நர்ஸ் அதை வெட்டிவிட்டாள். வெட்டியதற்காகப் பாக்கியம் அவளோடு சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

நாங்கள் கத்தக் கத்த, செந்தில் கண்ணை மூடிக்கொள்வான். நெற்றி வியர்க்கும். மெஷினில் நாடித் துடிப்பு ஏறும். கை இரண்டும் மார்போடு ஒட்டிக்கொண்டு மரக்கட்டை ஆகிவிடும்.

அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா-மாசி வைத்திருந்தோம். கானிங் பக்கத்திலிருந்து ரயிலேறி வருகிறவள். புண் விழாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவள் மட்டும் குனிந்து, "பாபு, இப்ப இடது பக்கம் திருப்பப்போறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்புவாள். அவள் திருப்பும்போது உடம்பு விறைக்காது. அவள் கை மெத்தென்று இருப்பதால் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான்.

சோதனை நாள். டாக்டரும் சுதேஷ்ணாவும் வந்தார்கள். எங்கள் மூவரையும் நிற்க விட்டார்கள். "கட்டைவிரலைக் காட்டுங்க," என்றார் டாக்டர். எதுவுமில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "காட்டுலே!" என்றேன். "காட்டுய்யா," என்றாள் பாக்கியம். மௌசுமியும் ஏதோ சொன்னாள். செந்தில் கண்ணை மூடிவிட்டான். டாக்டர் காகிதத்தில் எழுதினார். இன்னும் பத்து நாளில் ஒரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்றார். அவருடைய குரலில் கடுமை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வராந்தாவில் பாக்கியம் சொன்னாள்: "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவோங்க. எங்கிட்ட கைப்புள்ளையா இருந்தவன்தானே. அப்படியே பாத்துக்கிடுதேன்."

"நமக்கு என்ன வயசாவுது பாக்கியம்? நம்ம போன பொறவு?"

 மௌசுமி சுவரைப் பார்த்து நின்றாள்.

சுதேஷ்ணா வெளியே வந்தாள். கோபமாக இருந்தாள்.

"காகு, நீங்க கிரேன் வேலை பாக்கிறவருன்னாங்க. ஒரு கிரேனுக்கு அஞ்சு பேர் ஒரே நேரத்துல சொன்னா அது எங்க போகும்?"

"எங்கயும் போகாது," என்றேன். "போகக் கூடாது."

"அடிபட்ட மூளை. ஒரு வார்த்தை உள்ள போய்ச் சேரவே பத்து செகண்ட் ஆகும். அதுக்குள்ள நீங்க பத்து வார்த்தை அனுப்புறீங்க. ஒரே ஆள் பேசணும். ஒரே விஷயம் சொல்லணும். சொல்லிட்டுக் காத்திருக்கணும். மத்தவங்க வாயை மூடிக்கிட்டு நிக்கணும். முடியுமா?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தரையில்.

கிரேன் தொழிலில் முதல் சட்டம் இது. ஒரு கிரேனுக்கு ஒரே சிக்னல்மேன். சுமை தொங்கும்போது இரண்டு பேர் கை காட்டினால், ஓட்டுகிறவன் எதையும் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 'நிறுத்து' ஒன்றுதான் விலக்கு. அதை யார் காட்டினாலும், யார்டு கூட்டுகிறவன் காட்டினாலும், கேட்டே ஆக வேண்டும். செந்தில் பத்தொன்பது வயதில் கேபினில் ஏறிய முதல் மாதம், இரண்டு பேர் கையையும் பார்த்துக் குழம்பி, பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, திருப்பிவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே இறக்கி, யார்டு முழுக்கப் பார்க்க, கன்னத்தில் அறைந்தேன். "ரெண்டு பேர் கை காட்டினா அசையாதே! செத்தாலும் அசையாதே!" என்றேன். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அவன் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் நின்று கை காட்டிக்கொண்டிருந்தோம். அவன் அசையாமல் கிடந்தான்.

சுதேஷ்ணாவிடம் இதைச் சொன்னேன். "என் பேச்சைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்," என்றேன். அவள் தலையாட்டவில்லை. அப்படியெல்லாம் சொல்ல முடியாது காகு, களைப்பு, அவ்வளவுதான் என்றாள். அவளுக்குப் படிப்பு இருக்கிறது. எனக்கு அன்றைக்கு நான் கொடுத்த அறை ஞாபகம் இருக்கிறது.

அப்படியானால் சிக்னல்மேன் யார்? அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்பது வருஷம் கை காட்டியவன் நான். மற்ற இரண்டு பேரையும் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, நான் ஒருவனே அவன் முன் நின்றேன். கட்டைவிரலை மேலே காட்டினேன். எங்கள் பாஷையில் அது 'பூமைத் தூக்கு'. காட்டினேன், பத்து எண்ணினேன், காத்திருந்தேன். நான்கு நாள். அவன் கண் என் கைக்கு மேலே, சுவரில் எங்கேயோ நின்றது. ஒரு நாள் நாலரை மணிக்கு, அவன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கியபடி, நான் அழுதேன். அழுகையிலும் கையை இறக்கவில்லை.

ஐந்தாம் நாள் சுதேஷ்ணா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தாள். தன் முகம் என்றால் கண் பின்தொடர வாய்ப்பு அதிகமாம். கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள். கண் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அந்த நேரம் மௌசுமி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்து ஜன்னல் பக்கம் போனாள். கண் கண்ணாடியை விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே ஜன்னல் வரைக்கும் போனது.

எல்லோரும் பார்த்தோம். 

"மௌசுமி," என்றாள் சுதேஷ்ணா, "நீ திரும்பி வா. இந்தப் பக்கம்."

அவள் வந்தாள். கண் வந்தது.

சுதேஷ்ணா என்னைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை நடக்கும்போது சிக்னலை இன்னொருவனுக்குக் கொடுக்கிறவன், எல்லோரும் பார்க்கும்படி கையை இறக்கிவிட்டு, பின்னால் நகர வேண்டும். என் ஆயுளில் நான் அதைச் செய்ததில்லை. காய்ச்சலிலும் நானே நின்றிருக்கிறேன். கையை இறக்கினேன். சுவர் வரைக்கும் பின்னால் போனேன்.

"இனி நீதாம்மா," என்றேன்.

"பாபா, எனக்கு உங்க சிக்னல் தெரியாது."

"அவனுக்குத் தெரியும். நீ ஒண்ண மட்டும் காட்டு."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவன் பெயரை ஒரு தடவை சொல்லி, கட்டைவிரலைக் காட்டு என்று வங்காளத்தில் ஒரு தடவை சொன்னாள். பிறகு சும்மா இருந்தாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. எட்டாம் நாள், பாக்கியம் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நிற்க, நான் மனசுக்குள் ஒன்பது வரை எண்ணியிருந்தபோது, இடதுகைக் கட்டைவிரல் போர்வையை விட்டு ஒரு நெல் உயரத்துக்கு எழுந்தது.

டாக்டர் வந்த நாளில் ஐந்து தடவை கேட்டார்கள். மூன்று தடவை தூக்கினான். இரண்டாம் மாடியில் கட்டில் கொடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்தால் எனக்கும் நன்றாக இருக்கும். முடியவில்லை. இப்போது நான்கு மாதம். எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் பேச்சு இல்லை. சாய்வு மேசையில் கட்டி நிற்கவைக்கிறார்கள்; சில நாள் தலை நிற்கிறது, சில நாள் தொங்குகிறது. மௌசுமி யார் என்று தெரியும். நான் யார் என்று அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. எவ்வளவு தூரம் திரும்பி வருவான் என்று கேட்டால், டாக்டர், சொல்ல முடியாது என்கிறார். முதலில் அதைக் கேட்டு அவர் மேல் கோபம் வந்தது. இப்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நம்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை. மௌசுமி அவனுக்குக் கரண்டியைப் பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார், ஜாதவ்பூர்க்காரர், மனைவிக்கு மூளையில் ரத்தக்கசிவு. அவருக்குத் தைரியம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். நாற்பது டன்னில் தொடங்கி, நானில்லாவிட்டால் இந்த வார்டில் கட்டிலே கிடைத்திருக்காது என்கிற வரைக்கும் போய்விட்டேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது; இரண்டு கப்பலுக்குக் கேட்கும்.

கரண்டி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். செந்திலின் இடது கை கட்டிலை விட்டு வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி. அது நடுங்கியபடி, பக்கவாட்டில் ஒரு தடவை போனது. திரும்பி வந்தது. கண் என் மேல் இருந்தது.

அது 'நிறுத்து'.

நான் பாதி வார்த்தையில் நின்றேன்.

"நாப்பது வருசமா நான் சொல்லி நிக்காத வாய்," என்றாள் பாக்கியம். சிரித்தாளா அழுதாளா, நான் பார்க்கவில்லை. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல இறங்கிப் போர்வையில் விழுந்தது. கண் மூடிக்கொண்டது.

சுதேஷ்ணா வந்து விசாரித்தாள். தசை இழுப்பாகவும் இருக்கலாம் என்றாள். ஒரு தடவை வந்தது கணக்கில் சேராது, மறுபடி வரட்டும் என்றாள். நியாயம்தான். இதுவரை வரவில்லை.

ஆனால் எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்தச் சொன்னவனே மறுபடி எடு என்று காட்டுகிற வரைக்கும், சுமை அந்தரத்தில் தொங்கினாலும், கை வைக்கக் கூடாது. தினமும் நாலு மணிக்குப் போகிறேன். சுவரோரமாக என் இடத்தில் நிற்கிறேன். அந்தக் கட்டிலருகே நான் ஒரு வார்த்தை பேசி எட்டு நாள் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.